பக்கத்து நிரை

“ஒரே மனுசன் ஒரே நேரத்துல பெஞ்சுல உக்காந்துக்கிட்டும், கிரவுண்டச் சுத்தி ஓடிக்கிட்டும் இருக்க முடியுமா, சுதர்ஷினி?”

மேனேஜர் பிரதாப் ஜன்னலைக் காட்டிக் கேட்டார்.

கீழே மைதான ஓரத்தில் கேப்டன் தனுஷன் முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இங்கே கம்ப்யூட்டர் திரையிலோ தனுஷன் பெயர் போட்ட கோடு மைதானத்தைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்தது.

கிளார்க் சுதர்ஷினி திரையை எட்டிப் பார்த்தாள். “மெசின்ல ஏதும் கோளாறா இருக்கும் சார்.”

“மெசினுக்குப் பொய் சொல்லத் தெரியாது. மனுசனுக்குத்தான் தெரியும்.”

நோர்வூட் பச்சைமலை உதைபந்தாட்டக் கழகத்துக்குப் பிரதாப் வந்ததிலிருந்து எல்லாவற்றுக்கும் ஒரு முறை உண்டு. பந்துக்குக் காற்றடிப்பதிலிருந்து ஆளை வீட்டுக்கு அனுப்புவது வரை, எது யார் பொறுப்பு, அடுத்து யாரிடம் போகும், எங்கே நேரம் வீணாகிறது என்று பெட்டி பெட்டியாக அம்புக்குறி போட்டு, ஆபீஸின் வெள்ளைப் பலகையில் வரைந்து வைத்திருந்தார். பூண்டுலோயா தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்து கொழும்பில் படித்தவர். கொழும்பில் படித்ததை மட்டும் சொல்வார்.

சம்பளத்துக்கு விளையாடும் ஒவ்வொருவனும் பயிற்சியின்போது முதுகுப் பட்டியில் ஒரு குட்டி மெசினை மாட்டிக்கொள்ள வேண்டும். எவ்வளவு ஓடினான் என்று அது சொல்லும். தொடர்ந்து அளவு குறைந்தால், பலகையில் ஓர் அம்பு நேராக ‘ஒப்பந்தம் முடிவு’ என்ற பெட்டிக்குப் போகும். ஏன் குறைந்தது என்று கேட்க அங்கே பெட்டி கிடையாது.

ஆபீஸ்காரர்களுக்கும் அதே பலகைதான். காலையில் கேட்டில் தொங்கும் அட்டையை எடுத்து மெசினில் தட்ட வேண்டும். பிந்திக்கொண்டே வந்தால் வேலை போகும்.

சுதர்ஷினி தினமும் பிந்துவாள். தோட்டத்துப் புள்ளக்காம்பராவுக்கு ஆயம்மா வந்து, கதவைத் திறந்து, கைக்குழந்தையை வாங்கிக்கொண்ட பிறகுதான் அவள் பஸ்ஸுக்கு ஓட முடியும். ஆனால் அவள் அட்டை மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை. வாச்சர் மூக்கன்தான் தட்டிவிடுகிறார் என்று எடுத்துக்கொண்டாள். வாய்விட்டு நன்றி சொன்னால் வினை. தினம் ஒரு வடையை நீட்டுவாள். அவரும் பேசாமல் வாங்கிக்கொள்வார்.

பிரதாப் திரையில் விரலை வைத்தார். “இது தனுஷன் ஓடின கோடு. இது அழகன் ஓடினது. ரெண்டும் ஒன்னு மேல ஒன்னு ஒட்டிக்கிட்டுக் கெடக்கு. அழகனக் கூப்பிடுங்க.”

அழகன் வந்தான். தனுஷன் எப்போது விலகுவான், நாம் எப்போது இறங்குவோம் என்று வெளியே காத்துக்கிடக்கும் மாற்று ஆட்டக்காரன். பட்டியைக் கழற்றச் சொன்னதும் உள்ளேயிருந்து இரண்டு மெசின்கள் வந்தன.

“ஒன்னு யாரோடது?”

“தனுஷன் அண்ணனோடது சார். காலு வீங்கிக் கெடக்கு. சொன்னா அந்த அம்பு புடிச்சுக்கும்னு பயப்படுறாரு.”

“அவன் போனா அந்த எடம் உனக்குத்தானடா, மடையா?”

“தெரியும் சார்.”

“அப்புறம்?”

அழகன் தலையைச் சொறிந்தான். “மலையில கொழுந்தெடுக்கிற ஒருத்திக்கு முடியலன்னா, பக்கத்து நிரைக்காரி ரெண்டு புடி கொழுந்த அவ கூடையில போட்டு விடுவா. இல்லாட்டி கணக்கப்பிள்ளை அரைப்பேருன்னு பாதிச் சம்பளத்தப் போட்டுருவாரே. அத எங்க பக்கம் யாரும் களவுன்னு சொல்றதில்ல சார்.”

“இது தேயிலை மலை இல்ல.”

“ஓடுறவன் எல்லாம் அங்கேருந்து வந்தவன்தானே சார்.”

பிரதாப் இரண்டு மெசின்களையும் மேசை இழுப்பறையில் போட்டார். “ஒருத்தன் பேருல இன்னொருத்தன் ஓடுறது, தட்டுறது, எல்லாம் மோசடி. சுதர்ஷினி, ரெண்டு பேரையும் நிப்பாட்டிக் கடிதம் அடிங்க.”

‘தட்டுறது’ என்ற சொல் சுதர்ஷினிக்குச் சுருக்கென்றது. கடிதங்களை அடித்து முடித்த கையோடு கேட்டுக்கு ஓடினாள்.

“மூக்கண்ணே, நாளையிலருந்து என் அட்டையத் தட்டாதீங்க. சார் மோப்பம் புடிச்சிட்டாரு. உங்க வேலையும் போயிரும்.”

“நானா? அந்த மெசினத் தொட்டா கரண்டு அடிக்குமோன்னு நான் கிட்டவே போறதில்ல புள்ள.”

“பின்ன எதுக்குத் தினம் வடைய வாங்கித் தின்னீங்க?”

“நீ குடுத்த, தின்னேன். எதுக்குன்னு கேட்டா நிறுத்திருவியேன்னு கேக்கல.”

“அப்ப யாருதான் தட்டுறது?”

மூக்கன் மாடி ஜன்னலை அண்ணாந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “காலையில மொத ஆளா ஒருத்தர் வருவாரு. ரெண்டு அட்டையத் தட்டுவாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாதுன்னு என்கிட்டயே சொல்லி வச்சிருக்காரு.”

சுதர்ஷினி தன் அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். கடிதங்களைப் பிரதாப்பின் மேசையில் வைத்து, மேலே அட்டையையும் வைத்தாள்.

“சார், மூணாவதா ஒரு கடிதம் அடிக்கணும். எனக்காக அட்டை தட்டுற ஆளுக்கு. பேரு என்னன்னு போடட்டும்?”

பிரதாப் அட்டையைக் கவிழ்த்து வைத்தார். பிறகு எழுந்து பலகைக்குப் போனார். ‘ஒப்பந்தம் முடிவு’க்குப் போகும் அம்பை உள்ளங்கையால் அழித்தார். அந்த இடத்தில் ஒரு புதுப் பெட்டி போட்டு, உள்ளே ‘பக்கத்து நிரை’ என்று எழுதினார்.

“தனுஷன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க. அந்தக் கடிதங்களக் கிழிச்சுப் போடுங்க.”

“சரிங்க சார்.”

அவள் வாசலைத் தாண்டும்போது, பலகையைப் பார்த்தபடியே சொன்னார்:

“நாளையிலருந்து அந்த வடைய மூக்கனுக்குக் குடுக்காதீங்க. சரியான ஆளுக்குப் போய்ச் சேரணும். அதுதான் முறை.”