கால் ஒடிஞ்சவனுக்கு நெஞ்சுக்கட்டு

இசபெல்லாவைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். ஒளிப்பானேன்?

கோலார் தங்கவயலுக்குக் கரண்டு வந்த மறுவருஷம். சுரங்க ஆஸ்பத்திரியில நாங்க ரெண்டு பேரும் நர்ஸ் வேலை கத்துக்கிட்டிருந்தோம். காலியா இருந்ததோ ஒரே வேலை. மேட்ரன் துரைசாணி எதுக்கெடுத்தாலும், "லூயிசா, இசபெல்லாவைப் பாரு!" பார்த்துப் பார்த்தே எனக்குக் கண்ணு பூத்துப்போச்சு.

கடைசிப் பரீட்சை, பொய் விபத்து. ஷிப்டு முடிஞ்சு, சுரங்கத்துலேருந்து ஆளைத் தூக்குற கேஜ் கூண்டுல மேல வந்த பெருமாள்ங்கிற கூலியாளைத் துரைசாணி பிடிச்சு, காலுல ஆட்டு ரத்தம் பூசி, தரையில படுக்க வெச்சாங்க. சட்டையில ஒரு சீட்டு: 'வலது கால் முறிவு.' நெசமாவே அடிபட்டவன்னு நெனச்சு நாங்க வைத்தியம் பண்ணணும்.

முதல்ல நான். காலுக்குப் பலகை வெச்சுக் கட்டினேன். ஆயாவும் நானும் அவனை ஸ்ட்ரெச்சருக்குத் தூக்கினோம்.

"அய்யோ, யம்மா!"ன்னு அலறினான்.

"குட்! நல்லா நடிக்கிறான்"னு துரைசாணி சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

கட்டை அவுத்துட்டு, அடுத்து இசபெல்லா. அவ காலைத் தொடவே இல்ல. சட்டைக்குள்ள கைய விட்டுத் தடவினா. பெருமாள் அவ காதுல ஏதோ முணுமுணுத்தான். அவ நெஞ்சைச் சுத்தி இறுக்கிக் கட்டுப் போட்டா.

"கால் எங்கே, நெஞ்சு எங்கே? சீட்டு படிக்கலையா?"

"தப்பாயிடுச்சு மேடம்."

அடி சக்கை! எனக்கு உள்ளுக்குள்ள கிறிஸ்மஸ். வேலை எனக்குக் கெடச்சுது. இசபெல்லா பெட்டியத் தூக்கிக்கிட்டுத் தன் ஊரு பங்காருபேட்டைக்கே போய்ச் சேர்ந்தா.

பத்து நாள் கழிச்சுப் பெருமாள் வந்தான்.

"இசபெல்லாம்மா இல்லீங்களா?"

"அவ போயிட்டா. இன்னா விஷயம்?"

"கட்டு மாத்தணும்மா. அன்னிக்குச் சுரங்கத்துக்குள்ள லெவல்ல கல்லு விழுந்து எனக்கு நெசமாவே விலா எலும்பு ஒடிஞ்சிருந்துச்சு. தெரிஞ்சா வேலைக்கு ஆகமாட்டான்னு மஸ்டர் புக்குல பேரை வெட்டிடுவாங்கன்னு நான் வாயைத் தொறக்கல. அந்தம்மா கை வெச்சதுமே கண்டுபிடிச்சிட்டாங்க. நாலு புள்ளைங்க, சொல்லிடாதீங்கன்னு கெஞ்சினேன். அவங்க போட்ட கட்டாலதான் ஷிப்டு போறேன். நீங்களும் சொல்லிடாதீங்கம்மா, புண்ணியமா போவும்."

எனக்கு மூஞ்சியில அறைஞ்ச மாதிரி இருந்துச்சு.

"சொல்ல மாட்டேன், பயப்படாதே"ன்னு கட்டு மாத்தி அனுப்பினேன்.

துரைசாணிகிட்ட ஓடிப்போய் உண்மையைக் கொட்டிடணும்னு நாக்கு துடிச்சுது. சொன்னா, பாவம், பெருமாள் பொழப்பு போயிடுமே! அதுக்காகத்தான் சொல்லல. கர்த்தருக்குத் தெரியும்.

மறுவருஷம் பெருமாள் வேலையே வேணாம்னு குடும்பத்தோட ஆற்காட்டுப் பக்கம் போயிட்டான்.

நான் இன்னும் சொல்லல.