பெஞ்சின் மேல் தீர்த்தம்மாள் அத்தை

கம்பைநல்லூரில், எங்கள் வீட்டு மாடிப் பந்தலில், எழிலரசி அக்காவின் வளைகாப்புக்குக் குடும்பப் படம் எடுக்கிறார்கள். பந்தல் துணி வழியே இறங்கும் வெயிலில் எல்லார் முகமும் மஞ்சளாக இருக்கிறது. ஏழு மாத வயிற்றோடு அக்கா முன்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். முதலில் வந்தவர்கள் அவளை ஒட்டியே உட்கார்ந்துவிட, பிந்தி வந்தவர்கள் அவர்களைத் தாண்டிப் பின்னால் ஏறுகிறார்கள். கடைசி பெஞ்சின் மேல் நின்று தீர்த்தம்மாள் அத்தை கத்துகிறார்: “முருகேஷு, மேல ஏறு. போதும், அங்கியே நில்லு!” முருகேஷ் மாமா நிற்க, பெஞ்ச் முனகுகிறது. கருவின் மூளையிலும் இதே தள்ளுமுள்ளுதான். நாளைய விலங்கியல் தேர்வுக்குப் படித்ததில் எனக்குப் புரிந்தது இது ஒன்றுதான். புதிய நரம்பணுக்கள் பழையவற்றைத் தாண்டி மேலேறும். உச்சியில் உள்ள சில செல்கள் ரீலின் என்ற புரதத்தைச் சுரந்து, அவற்றை அவற்றின் வரிசையில் நிறுத்தும். வேலை முடிந்ததும் அந்தச் செல்களில் பெரும்பாலானவை மறைந்துவிடும். அத்தையும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஆல்பம் எதிலும் அவர் இல்லை. இப்போதும் வரிசை அமைந்ததும் இறங்குகிறார். “அத்த வராம நான் சிரிக்கமாட்டேன்,” என்கிறாள் அக்கா. “அட போடி, நான் வந்தா வரிசை கெட்டுப்பூடும்.” போட்டோக்காரர் கேமராவைத் தாழ்த்துகிறார். எல்லாருக்கும் இடம் சொன்ன அத்தை, தனக்கு எது இடமென்று தெரியாமல் முந்தானையைத் திருகுகிறார். வளையல்கள் குலுங்க அக்கா கையை நீட்டி அவரை இழுக்கிறாள். “இங்கியே நில்லுங்க அத்த.” அத்தை நிற்கிறார்.