முதல் சொல்

எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

புங்கமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரமக் குடிலில் சேர்ந்து வாழ்கிற அத்தனை பேரும். அடுப்பை அணைத்துவிட்டுச் சமையற்கட்டுக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள்.

ஒரு மண்டலம் மௌனம் இருந்தவர் முதல் சொல்லை எல்லோர் முன்னிலையிலும்தான் சொல்ல வேண்டும். இங்கே அப்படித்தான் வழக்கம். அந்தச் சொல் எல்லோருக்கும் பிரசாதம்.

அவளிடம் சொல் தயாராக இருந்தது.

அம்மா.

இவர்களுக்காக அதைச் சேர்த்துவைக்கவில்லை. போனில் சொல்ல வைத்திருந்தாள்.

அவளுக்கு வாய்க்கொழுப்பு கொஞ்சநஞ்சமல்ல. "நீ செத்தாக்கூட வரமாட்டேன்" என்று பெற்றவளிடமே கத்திவிட்டு வந்தவள். அந்த நாக்கை அடக்கத்தான் மௌனம் எடுத்தாள்.

முதலில் உள்ளுக்குள் சண்டை ஓயவில்லை. பிறகு ஓய்ந்தது. பொய் இல்லை, நிஜமாகவே ஓய்ந்தது. கோபம் போய் அம்மா மட்டும் மிச்சம் இருந்தாள்.

இன்று காலை செண்பகவல்லியிடம் போய், காதருகே கையை வைத்துச் சைகை காட்டினாள். ஆபீஸ் போனைப் பார்த்துக்கொள்கிறவள் செண்பகவல்லிதான். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்காத பெண்.

அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க அண்ணன் போன் பண்ணாரு, அக்கா. நீங்க மௌனத்துல உக்காந்த மறுவாரமே. அம்மா தவறிட்டாங்களாம். உங்களக் கலைக்க எங்க யாருக்கும் மனசு வரல. எல்லாரும் சேந்து அவங்களுக்காகத் தியானம் பண்ணோம்."

அந்தத் தியானம் அவளுக்கு நினைவிருந்தது.

அவளும் உட்கார்ந்திருந்தாள். யாருக்கென்று கேட்கவில்லை. கேட்க முடியாது.

அன்றைக்குத்தான் முதன்முதலாக மனம் அமைதியானது.

இப்போது வட்டம் காத்திருந்தது. எல்லா முகத்திலும் அன்பு. அதுதான் தாங்கவில்லை.

ஒருவராவது வில்லனாக இருக்கக் கூடாதா?

பழைய நாக்கு இருந்திருந்தால் இவர்களை ஒரு பிடி பிடித்திருக்கும். மண்ணை வாரித் தூற்றியிருக்கும். ஒப்பாரியாவது வைத்திருக்கும்.

வாயைத் திறந்தாள்.

அந்த நாக்கைத் தேடினாள்.

வாயை மூடிக்கொண்டாள்.

எதிரே உட்கார்ந்திருந்த பெரியவருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருடத்தில் யாருக்கும் மௌனம் இப்படிக் கைகூடியதில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் மெல்லச் சொன்னார்.

பிறகு எழுந்து வந்து அவள் காலைத் தொட்டார்.

அவர் பின்னால் ஒவ்வொருவராக எழுந்து வரிசையில் நின்றார்கள்.