கோச்சுக்குப் போன பிளாஸ்க்

“இன்னைக்கு யாருக்கு விசில் அடிக்கப் போறீங்க மாஸ்டர், கோச்சுக்கா, நம்ம டீமுக்கா?” என்று ஸ்டேடியம் வாட்ச்மேன் சீண்டினார்.

வாசல் கடையில் டீ மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். அவர் மகளையும் சேர்த்து ஊர்ப் பெண்களைக் கூடைப்பந்தில் ஆளாக்கிவிட்ட கோச், மலைமேல் இருக்கும் எதிர் அணிக்குப் போய்விட்டார். இன்று அவர்களோடுதான் இறுதிப் போட்டி.

மாஸ்டரின் டீயைக் குடிக்காமல் கோச் எந்த ஆட்டத்துக்கும் இறங்கியதில்லை. மாஸ்டர் பிளாஸ்கில் தூக்க மாத்திரைகளைக் கலந்து, வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினார். பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடட்டும்.

ஆனால் கடைசிப் புள்ளி வரை கோச் துள்ளிக்கொண்டே இருந்தார். ஊர் அணி தோற்றது.

கூட்டம் கலைந்தபின் கோச் காலி பிளாஸ்கோடு கடைக்கு வந்தார்.

“மன்னிச்சிடுங்கண்ணே. எதிர்ப்பக்கம் நின்னுக்கிட்டு உங்க டீயைக் குடிக்க மனசு வரலை. கிளம்பும்போது எங்க வேன் டிரைவருக்குக் கொடுத்துட்டேன். மலைப்பாதையில முழிச்சு ஓட்டணும்ல.”

மாஸ்டர் அடுப்பை அணைத்தார். “வேன் போயிடுச்சா?”

“அப்பவே போயிடுச்சு. நான் பைக்ல பின்னாடி போறேன். உங்க பொண்ணைப் பத்திக் கவலைப்படாதீங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்.”

“என் பொண்ணா?”

“உங்ககிட்ட சொல்லிட்டேன்னாளே? இனிமே எங்க டீம்தான்னு பையைத் தூக்கிட்டு வந்து முன்சீட்டுல ஏறிட்டா. எங்கப்பா போட்ட டீன்னு பெருமையாச் சொல்லி, டிரைவருக்கு ரெண்டாவது டம்ளரும் அவளே ஊத்திக் கொடுத்தா.”