வெள்ளைப் பக்கம் சாய்ந்த குலுக்கல்

“குலுக்கல்னு சொன்னீங்க. இங்க பாத்தா ஆளைப் பாத்துல்ல மருந்து கொடுக்குறீங்க” என்றார் விழிதியூர் தெட்சிணாமூர்த்தி.

காரைக்காலில் அந்தத் தனியார் மருத்துவமனையில், சர்க்கரை நோயாளிகளின் காலெரிச்சலுக்கு இரண்டு புது மாத்திரைகளை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது. யாருக்குப் பச்சை, யாருக்கு வெள்ளை என்று கம்ப்யூட்டர் குலுக்கிச் சொல்லும்.

தெட்சிணாமூர்த்திக்கு ஆரம்பத்திலேயே வெள்ளை விழுந்தது. ஒரு பயனும் இல்லை. போன மாதம் சேர்ந்த மனைவி சௌந்தரவல்லிக்கும் வெள்ளைதான். காலில் ஈரத்துணி சுற்றாமல் அவருக்குத் தூக்கம் கிடையாது. பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் லெயோனுக்குப் பச்சை. அவர் பீச் ரோட்டில் வாக்கிங் போகிறார்.

“பச்சை என்ன, பிரான்சுக்காரங்களுக்கு மட்டுமா?”

டாக்டர் சப்ரினா கோபப்படவில்லை. குலுக்கல் முதலில் சரிபாதியாகத்தான் இருந்தது. எந்த மாத்திரை கேட்கிறது என்று நோயாளிகள் சொல்லச் சொல்ல, புதிதாக வருகிறவர்களைக் கம்ப்யூட்டர் அந்தப் பக்கமே அதிகம் அனுப்பும் என்று விளக்கினார்.

“வெள்ளை கேக்குதுன்னு எவன் சொன்னான்?”

“உங்க ஊர்ல எல்லாரும். நீங்களும்தான். வாராவாரம் போன்ல கேட்டேன். ‘தேவலைங்க’ன்னீங்க.”

தெட்சிணாமூர்த்தி தோள் துண்டைச் சரிசெய்தார். “டாக்டரம்மா, நீங்களே கூப்பிட்டு அக்கறையா விசாரிக்கிறீங்க. உங்ககிட்ட போயி எரியுதுன்னா சொல்லுவாங்க?”

“லெயோன் சொல்றாரே. பாதிதான் குறைஞ்சிருக்கு, மீதி எப்பன்னு சண்டை போடுறாரு. அதான் பச்சைக்கு மார்க் கம்மி.”

தெட்சிணாமூர்த்தி இதுவரை சொன்னதையெல்லாம் திருத்திப் பதியச் சொல்வதாக டாக்டர் சொன்னார். தன்னை விடுங்கள், சௌந்தரவல்லிக்கு என்ன வழி என்று கேட்டார் அவர்.

“வழி இருக்கு. குறையலைன்னு அவங்க வாயால சொன்னா போதும், இன்னைக்கே பச்சைக்கு மாத்திடலாம். நீங்க சொல்லிக் கொடுக்கக் கூடாது.”

சௌந்தரவல்லியை உள்ளே கூப்பிட்டார்கள். செருப்பைக் கையில் பிடித்தபடி, பாதத்தின் ஓரத்தை மட்டும் ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

டாக்டர் எழுந்துபோய், தானே நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கம்மா. கால் எரிச்சல் இப்ப எப்படி இருக்கு?”

சௌந்தரவல்லி நாற்காலியைப் பார்த்தார். டாக்டரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“தேவலைங்க.”