லேசாக ஒரு ஹம்

கண்ணாயிரம் கண்களை மூடிக்கொண்டு வலது காதை ஸ்பீக்கரின் மேல் வைத்தார்.

பாட்டு எதுவும் ஓடவில்லை. சபாபதி வால்யூமை மட்டும் முழுக்கத் திருப்பி வைத்திருந்தார். ஒன்றுமே கேட்கக் கூடாது. அதுதான் பரீட்சை.

சபாபதி மூச்சை அடக்கிக்கொண்டார். அவர் மனைவியின் தம்பி காத்தவராயன் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

அவர்கள் இருவரும்தான் ‘நிசப்தம் ஆடியோஸ்’. இது அவர்களுடைய ஐந்தாவது ஆம்ப்ளிஃபயர். தானே புயல் அடித்து ஆறு மாதம் ஆகியிருந்தது. இதுவும் தேறாவிட்டால் கம்பெனியை மூடிவிடுவதாக சபாபதி வீட்டில் சத்தியம் செய்திருந்தார்.

கண்ணாயிரம் சிதம்பரத்துக்காரர். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற பிறகுதான் தனக்குக் காது இருப்பதைக் கண்டுபிடித்தார். அதிலிருந்து இணையத்தில் விமர்சனம் எழுதினார். சென்னையிலும் சிங்கப்பூரிலும் இந்த மாதிரி விலை உயர்ந்த சாமான் வாங்குகிறவர்கள் அவர் எழுதியதைப் படிக்காமல் பர்ஸைத் தொட மாட்டார்கள். ஒயரை மாற்றினால் வயலினின் வயது கூடுகிறது என்று எழுதியவர். காதில் தூசி படும் என்று பஸ்ஸில் வர மாட்டார். கார் அனுப்ப வேண்டும்.

2004-ல் இதே மஞ்சக்குப்பம் மாடியில் முதல் ஆம்ப்ளிஃபயரைச் செய்தார்கள். கேட்டவர்கள் எல்லாம் சொக்கிப்போனார்கள். கண்ணாயிரம் காது வைத்தார்.

லேசாக ஒரு ஹம் இருக்கிறது என்றார்.

ஹம் என்றால் கரண்டின் முனகல். மூடிய பெட்டிக்குள் வண்டு சுற்றுவது மாதிரி ஒரு சத்தம். அடுத்த மாடலில் டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்துத் தனிப் பெட்டியில் போட்டார்கள். வண்டு போகவில்லை என்றார் கண்ணாயிரம்.

முனகலை மண்ணுக்குள் இறக்கிவிட வாசலில் இருபது அடிக்கு எர்த் குழி தோண்டினார்கள். போர் போடுகிறார்கள் என்று நினைத்துத் தெருக்காரர்கள் குடத்தோடு வந்து நின்றார்கள்.

2008-ல் காத்தவராயனுக்குக் காடாம்புலியூரில் இருந்த முந்திரித் தோப்பு, வெள்ளிக் கம்பியாக மாறி ஆம்ப்ளிஃபயருக்குள் போனது. வெள்ளியில் ஹம் தங்காது என்று எழுதியிருந்தவர் கண்ணாயிரம்தான்.

தங்கியது.

பிறகு முன்பக்கத்தில் எரியும் சின்னச் சிவப்பு லைட்டின் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. அதைப் பிடுங்கி எறிந்தார்கள். சந்தேகம் மட்டும் அங்கேயே இருந்தது.

இதற்கிடையில் உள்ளூரில் பதினோரு பேர் வாங்கியிருந்தார்கள். ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. அவர்களுக்குக் காது போதாது என்று சபாபதி முடிவு செய்தார்.

புயலன்று மாடியின் தகரக் கூரை பறந்தபோது, வீட்டிலிருந்த ஒரே கம்பளியை எடுத்து அவர் போர்த்தியது பாதி முடிந்திருந்த இந்த ஐந்தாவது பெட்டிக்குத்தான். அதைப் பற்றி வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கே ஆன் செய்து பெட்டியைச் சூடேற்றி வைத்திருந்தார்கள். கண்ணாயிரத்தின் கார் தெருமுனையில் தெரிந்ததும் ஃபேனையும் லைட்டையும் அணைத்து ஜன்னல்களைச் சாத்தினார்கள். மூன்று பேருக்கும் சட்டை நனைந்துவிட்டது.

கண்ணாயிரம் காதை மாற்றினார். இடது காது இன்னும் கறாரானது.

ஒரு நிமிடம் போனது. அவருடைய நெற்றி சுருங்கியது.

“நல்லா வந்திருக்கு சபாபதி. ஆனா அடியில லேசா ஒரு ஹம் ஓடுது பாருங்க.”

சபாபதி குனிந்து தன் காதை வைத்தார். வெகுநேரம் எடுக்கவே இல்லை.

“ஆமா சார். இருக்குது.”

காத்தவராயன் நின்ற பக்கம் திரும்ப அவருக்குக் கூசியது.

கண்ணாயிரம் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். பெட்டிக்கு அடியில் பழைய தேக்குப் பலகை போட்டுப் பார்க்கலாம் என்றார். சபாபதி அதையும் குறித்துக்கொண்டார். கூடவே படியிறங்கிப் போய்க் கார்க் கதவைத் திறந்துவிட்டு, டிக்கியில் ஒரு பலாப்பழத்தையும் வைத்து அனுப்பினார்.

மேலே வந்தபோது காத்தவராயன் தரையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். தோப்பை விற்ற பிறகு அவன் அப்படிச் சிரித்து சபாபதி பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வந்திருந்தது.

“என்னா மச்சான்?”

“ஃபேனைப் போடுங்க மாமா.”

போட்டார். சுற்றவில்லை. லைட்டைப் போட்டார். எரியவில்லை.

“எப்பப் போச்சு?”

“அவரு மாடிப்படி ஏறும்போதே கரண்டு போயிடுச்சு. பக்கத்து வீட்டு டிவி பட்டுனு நின்னுச்சு. நான்தான் சொல்லல.”

சபாபதி நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். அவருடைய கை தானாகப் போய்த் தன் காதைத் தொட்டது.

அதைப் பார்த்ததும் காத்தவராயனின் சிரிப்பு நின்றுவிட்டது.

அரை மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தது. ஃபேன் சுற்றத் தொடங்கியது. காத்தவராயன் எழுந்து அதை அணைத்தான். அறை அமைதியானது.

இருவரும் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்க் காது வைக்க ஒருவருக்கும் தைரியம் வரவில்லை.