ஒரு மரத்துக்கு ஒரு படம்

“அந்தப் பைன் மரம் எங்கே இருக்குன்னு சொல்லுங்க, சார்.”

ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்று மட்டும் யாரிடமும் கேட்கவே கூடாது என்று புகைப்படக் குழுவில் சேர்ந்த அன்றே போராவிடம் சொல்லியிருந்தார்கள். கண்காட்சிக் கூடத்தில், பனிமூட்டத்துக்கு நடுவே தனியாக நின்ற பைன் மரத்தின் படத்துக்கு முன்னால் அதையேதான் கேட்டாள்.

அந்தப் படத்தை எடுத்த மூத்த கலைஞர் பியோன் சிரித்தார். “காங்வோன் மலையெல்லாம் முப்பது வருஷமா அலையறேன். இயற்கையே என்னோட பேசும். உனக்கு வழிகாட்டிப் பலகை வேணுமாக்கும்?”

“எங்க வீட்டுல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான்தான், சார். எதையும் கேட்டுத்தான் கத்துக்கணும்.”

“வாயாடி!” அவருக்கு அவளைப் பிடித்துப்போனது. “கழுகுப் பாறைக்குப் பின்னால. ஆனா போய்ப் பிரயோஜனமில்லை.”

“ஏன்?”

அவர் குரலைத் தாழ்த்தினார். “எடுத்து முடிச்சதும் அறுத்துட்டேன். அதே மரத்தை நாளைக்கு இன்னொருத்தன் எடுத்தா என் படத்துக்கு என்ன மதிப்பு? ஒரு மரத்துக்கு ஒரு படம்தான்.”

போரா படத்திலிருந்து அவர் பக்கம் திரும்பினாள்.

“இதை உங்க வாயால கேட்கத்தான் குழுவுலயே சேர்ந்தேன். அந்தக் காட்டுல தீப்பிடிக்காம காவல் காத்தவர் எங்கப்பா. அந்தப் பைன் மரத்தை அவர்தான் வெட்டி வித்துட்டார்னு ஜெயில்ல வெச்சிருக்காங்க. நான் அவரைப் பார்க்கப் போறப்பல்லாம், அந்த மரத்துக்காக அழறாரு.”

பியோனின் முகம் வெளுத்து, உடனே தேறிக்கொண்டது. “போய்ச் சொல்லேன். காட்டுக் காவல்காரன் பொண்ணு பேச்சை எவன் நம்புவான்?”

“எவனும் நம்ப மாட்டான். தெரியும். ஆனாலும் சொல்லத்தான் போறேன்.”

குழுவின் அடையாள அட்டையைக் கழற்றி அவர் கையில் திணித்துவிட்டு, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் பக்கமாக நடந்தாள்.